வேக்ஸ் வாரத்தில் பிறந்தவள்

தெல்மா கிரீன்வுட் முப்பத்து நாலு வருடம் மருத்துவச்சி வேலை பார்த்தவள். இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் அவள் கையில்தான் முதல் மூச்சு விட்டன. ஹாலிஃபாக்ஸ் கடைத்தெருவில் அவள் நடந்தால் ஆறடி உயர ஆசாமிகள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர்களுடைய பிறந்த கோலத்தைப் பார்த்தவளாயிற்றே! அப்பேர்ப்பட்டவள் ஒரு பிள்ளையின் மாதக்கணக்கை, அதுவும் உலகத்திலேயே இல்லாத ஒரு பிள்ளையின் மாதக்கணக்கை, நாலு பேர் சிரிக்கும்படி தப்பாகப் போட்டாள் என்றால் நம்புவீர்களா? போட்டாள்.

'ஹெல்லிவெல் மில்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. விக்டோரியா ராணி காலத்துக் கதை. கம்பளி மில் முதலாளி ஜோசையா ஹெல்லிவெல், அவன் மனைவி லவினியா. அவன் முசுடு, அவள் பிடிவாதக்காரி. மூன்று வருடம் அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுச் சமாதானமாகி மறுபடி சண்டை போட்டதை, ஹாலிஃபாக்ஸ் பள்ளத்தாக்கில் பாதி வீடுகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்தன. அப்புறம் திடுதிப்பென்று நிறுத்திவிட்டார்கள். கடைசிக் காட்சியில், ஏப்ரலில் கனடாவுக்குத் துணி விற்கப் போன ஜோசையா, 1868 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பனி கொட்டுகிற ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறான். லவினியா ஓடிவந்து அவன் கோட்டில் முகத்தைப் புதைக்கிறாள். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அவர்களுக்குப் பிள்ளைகுட்டி பிறந்ததா, பிறந்தால் யார் ஜாடை, ஒன்றும் கிடையாது. இப்படியா ஒரு குடும்பத்தை நட்டாற்றில் விடுவது?

விட்டவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், பிடித்தவர்கள் விடவில்லை. 'ஹெல்லிவெல் நண்பர்கள்' என்று ஒரு சங்கம். அறுபது பேர். வருடத்துக்கு ஒரு முறை, ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டின சனிக்கிழமை, படம் பிடித்த ஊரின் சேப்பல் கூடத்தில் கூடுவார்கள். அந்தக் காலத்தில் வேக்ஸ் வாரம் தொடங்குகிற நாள் அது. வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் மில்லை மூடி, இயந்திரங்களை நிறுத்தி, சனங்கள் கடற்கரைக்குக் கிளம்புவார்கள். கூட்டத்தில் டீ, பன்றிக்கறி சாண்ட்விச், இஞ்சிக் கேக். அப்புறம் உறுப்பினர் யாராவது எழுதிய கதை ஒன்றை வாசிப்பார்கள். தொடர் விட்ட இடத்திலிருந்து கதையை அவர்களேதான் வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சங்கத்தின் பெரிய சொத்து ஒரு பைபிள். தொடருக்காகச் செய்த குடும்ப பைபிள், படப்பிடிப்புச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. முன்பக்கத்தில் 'ஜோசையா, லவினியா, திருமணம்' என்று மையில் எழுதியிருக்கும். அடுத்த பக்கம் 'பிள்ளைகள்'. வெறும் வெள்ளை. கூட்டத்தில் ஒருவர் விடாமல் கை தூக்கினால்தான் அந்த பைபிளில் எதையும் மையில் எழுதலாம் என்பது சட்டம். ஆறு வருடத்தில் ஒரு மாமாவின் சாவும் ஒரு மேஸ்திரியின் கல்யாணமும் ஏறியிருந்தன. பிள்ளைகள் பக்கத்தில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தெல்மாவுக்கு வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருடம், சமையலறை மேசையில் உட்கார்ந்து, லவினியாவின் வயிற்றில் பிள்ளையைக் கொடுத்து, பன்னிரண்டு அத்தியாயம் எழுதினாள். வாரம் ஒன்றாகச் சங்கத்தின் இணையதளத்தில் போட்டாள். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்; தான் மருத்துவச்சி என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் கர்ப்பப்பையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள் என்று பயம். நியாயமான பயம்தான்.

அவளுக்கும் அவள் கணவன் டெஸ்மண்டுக்கும் பிள்ளைகள் இல்லை. மூன்று முறை உண்டாகி, மூன்று முறையும் தங்கவில்லை. அதனால்தான் இந்தக் கதை எழுதினாளாக்கும் என்று உச்சுக் கொட்டுபவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம். அவள் எழுதியது எழுத வந்ததால். எழுதியதில் அவளுக்குப் பெருமை, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் அத்தியாயம்தான் எல்லோரையும் அடித்துப் போட்டது. வேக்ஸ் வாரம். வருடம் முழுக்க இரைந்துகொண்டே இருந்த மில் நின்றிருக்கிறது. ஊரே காலி. அந்த நிசப்தத்தில் ஜோசையா முற்றத்தில் தனியாக நிற்கிறான். மாடி ஜன்னலிலிருந்து பிள்ளையின் முதல் அழுகை கேட்கிறது. இயந்திரம் ஓடியிருந்தால் கேட்டிருக்குமா? பெண் பிள்ளை, பெயர் ஹெப்சிபா. சமையலறைத் தராசில் போட்டால் ஒன்பது பவுண்டு எடை. நாலு கிலோவுக்கு மேல்! படித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் மார்ஜரி போன் போட்டு, இந்த வருடம் கூட்டத்தில் வாசிக்கப்போவது இதுதான், வாசித்து முடித்ததும் பைபிளுக்குக் கை தூக்கச் சொல்லப்போகிறேன் என்றாள். தெல்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது குண்டு விழுந்தது. போட்டவர் நெவில் ஓக்டன். ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். தொடரில் எந்தக் காட்சி எந்தத் தேதி, எந்த ரயில் எத்தனை மணி என்று நோட்டுப் போட்டு வைத்திருப்பவர். காலைச் சாப்பாட்டு நேரத்தில் டெஸ்மண்ட்தான் கைபேசியில் அதை வாசித்தான்.

"'மிஸஸ் கிரீன்வுட் கவனத்துக்கு. ஆகஸ்ட் மூணுல ஒன்பது பவுண்டுக் குழந்தை. அப்படின்னா கரு உண்டானது நவம்பர் பத்து வாக்குல. அன்னிக்கு ஜோசையா மாண்ட்ரியல்ல கம்பளி வித்துக்கிட்டு இருந்தார். ஊர் திரும்பினது டிசம்பர் இருபத்து நாலு, நாலே கால் வண்டி. விளக்கம் தேவை.'" டெஸ்மண்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, டோஸ்ட் புரைக்கேறியது. "அடியாத்தீ! லவினியா அம்மா இவ்வளவு கைகாரியா? யாரு கண்ணு அந்த ஆளு? எனக்கு மட்டும் சொல்லேன்."

"வாயை மூடு டெஸ். அந்த ஆளுக்குக் கணக்குத் தெரியல."

"கீழ பாரு, எல்லாரும் உதவிப் பாதிரியார் பிம்னு சொல்றாங்க. நவம்பர்ல அவளுக்குப் புஸ்தகம் கொண்டாந்து குடுத்தானாமே. 'பிள்ளையோட மூக்கைப் பாருங்க'ன்னு ஒருத்தி எழுதியிருக்கா."

தெல்மா மேசை இழுப்பறையைத் திறந்து தேதிச் சக்கரத்தை எடுத்தாள். அட்டையில் செய்த வட்டம். கரு உண்டான நாளில் ஊசியை வைத்துத் திருப்பினால் பிறக்கும் நாளைக் காட்டும். முப்பத்து நாலு வருடம் அவள் பையில் கிடந்த சாமான். ஊசி, கதை எழுதும்போது அவள் கடைசியாக வைத்த இடத்திலேயே இருந்தது. நவம்பர் பத்து.

ஏன் நவம்பர் பத்தில் வைத்தாள்? அன்றைக்குத்தான் அந்தக் கடைசிக் காட்சி ஒளிபரப்பானது! வெளியே மழை, அவள் சோபாவில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள், டெஸ்மண்ட் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். ஜோசையா வந்து இறங்கிய நாள் அவள் மனதில் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். திரையில் பனி கொட்டியதும் கிறிஸ்துமஸ் பாட்டுக் கேட்டதும் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் காலையிலேயே சக்கரத்தைத் திருப்பினாள். ஆகஸ்ட் மூன்று, வேக்ஸ் வாரம் என்று காட்டியதும் தெய்வமே கொடுத்தது என்று எடுத்துக்கொண்டாள். ஆறு வருடம் மனதிலேயே வைத்திருந்துவிட்டு எழுதியிருக்கிறாள்.

"டிவியில வந்த நாளை வச்சு எண்ணிட்டேன் டெஸ்," என்றாள். முகம் செத்துப்போயிருந்தது. "ஆஸ்பத்திரிக்கு வேலை கத்துக்க முதல் நாள் வந்த பொண்ணுகூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டா. நான் பண்ணியிருக்கேன்."

டெஸ்மண்ட் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளுக்குப் புது டீ போட்டான்.

மார்ஜரி போனில் வந்தாள். "இதுக்குப் போய் ஏன் தெல்மா இடிஞ்சு போற? பிறந்த நாளைச் செப்டம்பர் நடுவுல தள்ளி வை. ஒரு வரி மாத்தினா தீர்ந்துது. நெவிலும் வாயை மூடிக்குவாரு."

"செப்டம்பர்ல மில் ஓடும் மார்ஜரி."

"ஓடட்டுமே."

"ஓடினா அழுகை கேக்காது."

"அப்ப வாசிக்க வேண்டாம்னு சொல்லிடவா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பிம் பேச்சை வச்சுக்கிட்டு எல்லாரும் கை தூக்க மாட்டாங்க. ஒரு தடவை கை கம்மியானா அந்தப் பிள்ளையை மறுபடி கொண்டுவர முடியாது, அது உனக்கே தெரியும்."

தெரியும். அதுவும் ஒரு சட்டம். கூட்டம் வேண்டாம் என்று சொன்னது சொன்னதுதான். ஹெப்சிபா இல்லை என்றால் இல்லை. லவினியா ரயிலடியில் கோட்டில் முகம் புதைத்தபடியே நிற்க வேண்டியதுதான், காலம் முழுக்க. தெல்மா போனை வைத்துவிட்டுத் தோட்டத்தில் போய்க் களை பிடுங்கினாள். கோபத்தில் இரண்டு கேரட்டும் சேர்ந்து வந்தன.

மூன்றாவது களையிலோ நாலாவதிலோ அவளுக்கு உறைத்தது. அட, நான் மருத்துவச்சிதானே! தேதியை ஏன் மாற்ற வேண்டும்? எடையை மாற்றினால் போதாதா? கிறிஸ்துமஸுக்கு உண்டாகி, ஆகஸ்ட் மூன்றில் பிறந்தால் ஆறு வாரம் முந்தி. நாலு பவுண்டு இருக்கும். பிறப்பு சுத்தம், மில் நிசப்தம், இரண்டும் நிற்கும். ஆனால் அப்படிப் பிறந்த பிள்ளை 1869இல் பிழைக்க வேண்டுமே? கண்ணாடிப் பெட்டி கிடையாது, குழாய் கிடையாது. பேனாவால் பிழைக்கவைத்துவிடலாம், அது ஏமாற்று. அப்படிப்பட்ட பிள்ளைகளோடு அவள் எத்தனை நாள் மன்றாடியிருக்கிறாள்! அவர்கள் எதில் பிழைத்தார்கள், எதில் போனார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

சூடு. அதுதான் முதல், அதுதான் நடு, அதுதான் கடைசி. உடம்போடு உடம்பாக ஒட்டின சூடு. லவினியா பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்ப் படுத்த படுக்கை. வேலைக்காரர்கள் எல்லோரும் வேக்ஸ் வாரத்துக்குக் கடற்கரை போயாயிற்று. பிரசவம் பார்த்தவளும் மறுநாள் கிளம்பிவிடுவாள். வீட்டில் மிச்சம் யார்? முசுடு ஜோசையாதான்.

இதுவரை முற்றத்தில் நின்று காது கொடுத்ததோடு அவன் வேலை முடிந்திருந்தது. இப்போது அவன் மாடிக்கு ஏறி வர வேண்டும். தெல்மா மண்ணுக் கையோடு எழுதத் தொடங்கினாள். ஒரு பக்கம் போனதும் நின்றுவிட்டது. தாய்மார்கள் பிள்ளையை வைத்துக்கொள்வது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனுஷன், பூச்சாடியைக்கூடப் பிடிக்கத் தெரியாதவன், சட்டைக்குள் பிள்ளையைப் போட்டுக்கொண்டு எப்படி நடப்பான்? எப்படி உட்காருவான்? அடுப்புக்குக் கரி எப்படிப் போடுவான்?

"டெஸ்! இங்க வா."

டெஸ்மண்ட் வந்தான். மேசையில் இரண்டு கிலோ சர்க்கரை, அதாவது நாலு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், ஒரு கிலோப் பை இரண்டு, தலையணை உறைக்குள் கட்டியிருந்தது.

"சட்டையைக் கழட்டு."

"ஏன் மகாராணி, பட்டப்பகல்ல..."

"சும்மா கழட்டு. இதை நெஞ்சோட வச்சு மேல கம்பளிச் சட்டையைப் போட்டுக்கோ. உன் வேலையைப் பாரு. நான் பாத்து எழுதிக்கிறேன்."

"நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். இந்த மாதிரி ஸ்டாப்புல யாரும் என்னை இறக்கிவிட்டதில்ல," என்றான். ஆனால் போட்டுக்கொண்டான்.

முதலில் அவன் நடந்தது மூட்டை தூக்குகிறவன் நடை. குப்பை வாளியை வெளியே வைத்தான். குனிந்தபோது சர்க்கரை வழுக்கி இடுப்புக்கு வர, "ஐயையோ, பிள்ளை போச்சு!" என்று கத்திப் பிடித்தான். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன டெஸ், எத்தனை மாசம்?" என்று கேட்டாள். "உள்ள போ, காத்து படும்," என்றான் அவன். அப்புறம் கீழே ஒரு கை கொடுத்துக்கொண்டான். அரை மணி கழித்து அந்தக் கை தானாகவே அங்கே இருந்தது. பேப்பர் படித்தபோது பக்கத்தை மற்றக் கையாலேயே திருப்பினான். நாற்காலியில் உட்காருமுன் பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்த்து, மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தான். தெல்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

நாலு மணிக்கு அவள் நோட்டை மூடினாள். "போதும் டெஸ். வேலை முடிஞ்சுது. குடு, டீக்கு சர்க்கரை வேணும்."

டெஸ்மண்ட் அசையவில்லை. கை கீழே கொடுத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கொஞ்சம் பொறு கண்ணு. இப்பத்தான் தூங்கினா."

தெல்மா அன்றைக்குச் சர்க்கரை இல்லாமலே டீ குடித்தாள். அப்புறம் உட்கார்ந்து பன்னிரண்டாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினாள். மூன்று நாளில் முடித்தாள். தன் வாழ்க்கையில் இதைவிட நல்லதாக எதையும் எழுதியதில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

சனிக்கிழமை சேப்பல் கூடம் நிரம்பி வழிந்தது. பிம் விவகாரம் பரவியிருந்ததால் வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பைபிள் முன்மேசையில் வெல்வெட் துணி மேல் விரித்து வைத்திருந்தது. பக்கத்தில் மைப்பேனா, அதற்குப் பக்கத்தில் நெவில், அவர் நோட்டோடு. டெஸ்மண்ட் தொடரை முழுசாக ஒரு நாளும் பார்த்தவனில்லை. கடைசி வரிசையில் இஞ்சிக் கேக்கோடு உட்கார்ந்திருந்தான்.

தெல்மா எழுந்தாள்.

"வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். மிஸ்டர் ஓக்டன் சொன்னது சரி. நான் தப்பா எண்ணிட்டேன். டிவியில காட்டின நாள்லேருந்து எண்ணிட்டேன்." கூட்டத்தில் முணுமுணுப்பு; பாதிப் பேர் தாங்களும் அதே நாளை நினைத்திருந்தவர்கள்தான். "இன்னொண்ணும் சொல்லணும். முப்பத்து நாலு வருஷம் நான் மருத்துவச்சி. ரெண்டாயிரத்து முந்நூறு பிரசவம் பாத்திருக்கேன். அதுல ஒண்ணுலகூட இப்படிப் பண்ணல. சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுக்கங்க, நான் நிக்கிறேன்."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, "என் மூத்தவனைப் பாத்தது நீங்கதான்! முகம் பாத்த மாதிரியே இருக்குன்னு நெனச்சேன்," என்று கத்தினாள். அதற்கும் சிரித்தார்கள். அது அடங்கியதும் தெல்மா வாசித்தாள்.

மில் நின்றிருந்தது. அழுகை கேட்டது, ஆனால் ஒன்பது பவுண்டுப் பிள்ளையின் அழுகை இல்லை, பூனைக்குட்டிக் குரல். ஜோசையா மாடி ஏறினான். கம்பளி பிரிக்கும் அறையிலிருந்து மிக மெல்லிய ஆட்டுக்குட்டிக் கம்பளியை அள்ளி வந்து சுற்றினான். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சோடு போட்டுக்கொண்டான். உப்புக் கரண்டியால் பால் சொட்டுவிட்டான். கரி போடும்போது கீழே ஒரு கை கொடுத்துக்கொண்டான். உட்காருமுன் நாற்காலியைத் தடவிப் பார்த்தான். பத்தாம் நாள் லவினியா படுக்கையிலிருந்து கை நீட்டி, கொடு என்கிறாள். அந்த முசுடு, கொஞ்சம் பொறு, இப்போதுதான் தூங்கினாள் என்கிறான். கூடத்தில் கோப்பைச் சத்தம்கூட இல்லை.

வாசித்து முடிந்ததும் நெவில் தொண்டையைச் செருமினார். "ஒரு கேள்வி மிஸஸ் கிரீன்வுட். ஒரு மில் முதலாளி சட்டைக்குள்ள பிள்ளையைப் போட்டுக்குவாரா? அந்தக் காலத்துல?"

"வேற வழி இல்லாதவன் எந்தக் காலத்துலயும் போட்டுக்குவான், மிஸ்டர் ஓக்டன். நாலு பவுண்டுப் பிள்ளைக்கு முதலாளி, தொழிலாளி தெரியாது. சூடுதான் தெரியும்."

நெவில் நோட்டில் விரல் விட்டு எண்ணினார். டிசம்பர் இருபத்து நாலு, ஜனவரி, பிப்ரவரி. கடைசியில் நோட்டை மூடினார். "வண்டி சரியான நேரத்துக்கு வந்திருக்கு," என்றார். "கொஞ்சம் முன்னாடியே."

மார்ஜரி கேட்டாள். அறுபது கையும் மேலே போயின. நெவிலின் கைதான் முதலில் போனது. தெல்மாவுக்குக் கண் கலங்கியது. அவள் அதை மறைக்கவுமில்லை.

நெவில் பேனாவைத் திறந்து வெள்ளைப் பக்கத்தில் குனிந்தார். "ஹெப்சிபா ஹெல்லிவெல். 1869 ஆகஸ்ட் மூணு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "எடையையும் எழுதிடறேன். நாளைக்கு யாரும் பிம் பேரை இழுக்கக் கூடாது பாருங்க. கதையில 'நாலு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல'ன்னு இருக்கு. கொஞ்சம்னா எவ்வளவு?"

தெல்மா வாயைத் திறக்குமுன் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. டெஸ்மண்ட் எழுந்து நின்றான்.

"நாலு பவுண்டு ஆறு அவுன்ஸ்," என்றான். "நான்தான் வச்சிருந்தேன்."

நெவில் அப்படியே எழுதினார்.